பழைய காருக்கு சென்ட்ரல் லாக்கிங்கை நாமே பொருத்துவது: எங்கிருந்து தொடங்குவது?

நான்குகதவு எழுதியது:

என்னிடம் இருப்பது நான்கு கதவுகள் கொண்ட பழைய கார். கண்ணாடிக்குக் கீழே கதவின் விளிம்பில் நிற்கும் குமிழை அழுத்தினால் பூட்டும், மேலே இழுத்தால் திறக்கும். முன்கதவுகள் இரண்டுக்கு மட்டும் வெளியே சாவித்துளை உண்டு. பின்கதவுகளைப் பூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை நீட்டித்தான் குமிழை அழுத்த வேண்டியிருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்காக, எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டித் திறக்கும் சென்ட்ரல் லாக்கிங் கிட், பொதுவாகக் கிடைப்பதில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். நான்கு மோட்டார்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயர் கட்டு, வளைத்துக்கொள்ளக்கூடிய கம்பிகள், துளையிட்ட தகட்டுப் பட்டைகள், ரிமோட்டுகள் ஆகியவை அதில் இருக்கின்றன. ஒரு மோட்டாரிலிருந்து ஐந்து ஒயர்களும் மற்ற மூன்றிலிருந்து இரண்டிரண்டு ஒயர்களும் வெளியே வருகின்றன. உடன் வந்த தாளில் ஒரு வரைபடத்தைத் தவிர விளக்கம் எதுவும் இல்லை.

சாதாரண ஒயரிங் வேலைகளை நானே செய்துகொள்வேன், மல்டிமீட்டரும் இருக்கிறது. ஆனால் கதவின் உட்பகுதியைத் திறந்து வேலை செய்தது கிடையாது. மூன்று சந்தேகங்கள் உள்ளன. ஐந்து ஒயர் மோட்டார் எந்தக் கதவுக்கு, ஏன்? கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒயரை எப்படிக் கொண்டுபோவது? மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

மின்னோட்டம் எழுதியது:

ஐந்து ஒயர் மோட்டார் ஓட்டுநர் கதவுக்கு உரியது. அதில் இரண்டு ஒயர்கள், பெரும்பாலான கிட்களில் நீலமும் பச்சையும், மோட்டாரை இயக்குபவை. மற்ற மூன்றும் உள்ளேயே இருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்றைச் சேர்ந்தவை. அவற்றில் கறுப்பு பொதுவானது. வெள்ளையும் பழுப்பும் பூட்டு, திறப்பு என்ற இரண்டு நிலைகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிப்பவை. நீங்கள் சாவியாலோ குமிழாலோ ஓட்டுநர் கதவைப் பூட்டும்போது மோட்டாரின் தண்டு நகர்ந்து அந்தச் சுவிட்ச் மாறுகிறது. பெட்டி அதைக் கவனித்து மற்றக் கதவுகளையும் பூட்டுகிறது. இரண்டு ஒயர் மோட்டார்களுக்குக் கட்டளையைக் கேட்டு நடக்க மட்டுமே தெரியும். இரண்டு முன்கதவுகளின் சாவியும் எல்லாக் கதவுகளையும் இயக்க வேண்டும் என்று விரும்பினால், இன்னொரு ஐந்து ஒயர் மோட்டாரைத் தனியாக வாங்கி எதிர்ப்பக்க முன்கதவில் வைத்துக்கொள்ளலாம். வண்ணங்கள் கிட்டுக்குக் கிட்டு மாறக்கூடும் என்பதால், பொருத்துவதற்கு முன் தண்டைக் கையால் இழுத்தும் தள்ளியும் பார்த்து, மல்டிமீட்டரில் எந்த இரு ஒயர்களுக்கு இடையே தொடர்பு ஏற்படுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் இந்த மோட்டாரை சோலினாய்டு, அதாவது தண்டை இழுக்கும் மின்காந்தச் சுருள், என்று சொல்கிறார்கள். உள்ளே இருப்பது சிறிய டிசி மோட்டாரும் பல்சக்கரங்களும் ஒரு பல்தண்டும்தான். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தண்டு வெளியே வரும், எதிர்த்திசையில் பாய்ந்தால் உள்ளே போகும். பெட்டி இந்தத் திசையை மாற்றி மாற்றி, ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் மட்டும் மின்சாரத்தைக் கொடுக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இக்னிஷனை அணைத்த பின்னும் உயிரோடு இருக்கும் 12 வோல்ட் இணைப்பு தேவை. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்துத் தனி ஒயராகக் கொண்டுவருவது நல்லது. உட்கூரை விளக்கு, ரேடியோ போன்றவற்றின் ஒயரிலிருந்து கிளை பிரிக்க வேண்டாம். நான்கு மோட்டார்களும் ஒரே நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அவை தாங்காது.

கம்பிக்கொக்கி எழுதியது:

ஒயர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து. இந்த வேலையில் தோற்றுப்போனவர்களின் கார்களைத் திறந்து பார்த்தால் மின்சுற்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மோட்டார் “டக்” என்று ஒலி எழுப்பும், குமிழ் பாதி தூரம் இறங்கி நின்றுவிடும். காரணம், பல ஆண்டுகளாகக் கிரீஸ் காய்ந்து, தூசி படிந்து, விரலால் அழுத்தினாலே முரண்டு பிடிக்கும் பூட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கர மோட்டாரைக் கட்டியிருப்பார்கள். கையின் பலத்துக்குத் தெரியாத இறுக்கம் அந்த மோட்டாருக்குத் தெரியும்.

ஆகவே கிட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, முதலில் ஒவ்வொரு குமிழையும் ஒற்றை விரலால் இறக்கி ஏற்றிப் பாருங்கள். எங்கேனும் தயங்கினால், கதவின் உட்பலகையைக் கழற்றி, குமிழின் கீழிருந்து பூட்டுவரை செல்லும் கம்பியைப் பின்தொடருங்கள். அது கடந்து போகும் ஒவ்வொரு பிளாஸ்டிக் புஷ்ஷும் (கம்பியைத் தாங்கும் வளையம்) கிளிப்பும் வயதானவை. சில உடைந்து கம்பி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், சில இறுகியிருக்கும். பூட்டின் வாய்ப்பகுதியை மண்ணெண்ணெய் போன்ற ஏதாவது கரைப்பானால் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸைச் சிறிதளவு இடுங்கள். சாவித்துளைக்குள் மட்டும் கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் தூள் போதும். கிரீஸ் உள்ளே தூசியைச் சேர்த்து வைத்துவிடும். குமிழ் தானாக வழுக்கி இறங்குகிறது என்று தோன்றும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

உட்பலகையைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, பெரும்பாலான பழைய கார்களில் குதிரைலாட வடிவத்தில் உள்ள ஒரு கம்பிக் கிளிப்பால் பிடிக்கப்பட்டிருக்கும். கைப்பிடிக்கும் பலகைக்கும் இடையே ஒரு துணிப்பட்டையை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல இப்படியும் அப்படியும் இழுத்தால் துணி கிளிப்பின் முனையைக் கவ்வி வெளியே தள்ளும். கிளிப் தெறித்து எங்கோ ஓடிவிடும் என்பதால் மறுகையை அருகில் வையுங்கள். கைத்தாங்கியின் ஸ்க்ரூக்களையும் உள்கைப்பிடியைச் சுற்றிய மூடியையும் எடுத்த பிறகு, பலகையின் ஓரத்தில் கிளிப் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே தட்டையான பிளாஸ்டிக் துண்டைச் செருகி நெம்புங்கள். பழைய அட்டைப் பலகைகள் ஈரத்தில் ஊறித் தளர்ந்திருக்கும். கிளிப்பிலிருந்து தள்ளி நெம்பினால் பலகை கிழிந்து கிளிப் கதவிலேயே நின்றுவிடும்.

பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிய வேண்டாம். கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் உட்பலகைக்கு வராமல் தடுப்பது அதுதான். பசையோடு மெதுவாக உரித்தெடுத்து, வேலை முடிந்ததும் பியூட்டைல் பசைநாடாவால் திரும்ப ஒட்டுங்கள். கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளையும் அதே சமயத்தில் குத்தித் தெளிவுபடுத்திவிடலாம்.

நான்குகதவு எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி. இடப்பக்கப் பின்கதவின் குமிழ் உண்மையிலேயே கடினமாகத்தான் இருக்கிறது. அதை வழக்கம் என்றே இதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைக் கதவுக்குள் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதை எப்படி முடிவு செய்வது? தவிர, என் காரின் முன் பில்லரில் (முன்கதவின் கீல்கள் பொருந்தும் தூணில்) கதவு ஒயருக்கான துளையே இல்லை. கதவில் ஸ்பீக்கர்கூட இல்லாத காலத்துக் கார் அது.

கம்பிக்கொக்கி எழுதியது:

மோட்டாரின் தண்டு, பூட்டுக்கம்பி நகரும் திசைக்கு இணையாக நகர வேண்டும். குமிழிலிருந்து செங்குத்தாக இறங்கும் கம்பி எளிதாகக் கைக்கு எட்டினால் மோட்டாரையும் செங்குத்தாக வைக்கலாம். உள்கைப்பிடிக்கு அருகிலிருந்து பூட்டுவரை கிடைமட்டமாகக் கம்பி ஓடும் கார்களில் மோட்டாரைக் கிடத்தி வைப்பதே எளிது. கிட்டில் உள்ள கம்பியை மோட்டார் தண்டின் துளையில் மாட்டி, மறுமுனையை இரு ஸ்க்ரூக்கள் கொண்ட சிறிய இணைப்புக்கட்டையால் பூட்டுக்கம்பியோடு சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய கோணம் இருந்தால் தள்ளும்போது கம்பி வளைந்து, பாதி விசை வளைவிலேயே போய்விடும்.

தண்டின் மொத்த நகர்வு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். பூட்டு முழுமையாக மாறுவதற்கு அதைவிடக் குறைவான நகர்வே போதும் என்பது முக்கியம். ஸ்கேலை வைத்துக் குமிழின் நகர்வை அளந்து பாருங்கள். பின்னர் குமிழைப் பாதி நிலையில் நிறுத்தி, மோட்டார் தண்டையும் பாதி தூரத்தில் நிறுத்தி, அந்த நிலையில் இணைப்புக்கட்டையை இறுக்குங்கள். மேலும் கீழும் மிச்சம் சமமாகக் கிடைக்க வேறு வழி இல்லை. ஓட்டுநர் கதவில் இது இன்னும் முக்கியம்: தண்டு போதிய தூரம் நகராவிட்டால் உள்ளிருக்கும் சுவிட்ச் மாறாது, சாவியால் பூட்டினாலும் மற்றக் கதவுகள் அசையாமல் நிற்கும்.

துளை போடுவதற்கு முன் மோட்டாரைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பாருங்கள். கண்ணாடி, அதை ஏற்றும் கை, பின்பக்கத் தடம் ஆகிய மூன்றும் மோட்டாரையோ ஸ்க்ரூ முனையையோ தொடக்கூடாது. கதவின் வெளித்தகடு டிரில் முனைக்கு மிக அருகில் இருக்கும் இடங்கள் உண்டு. டிரில் முனையில் டேப்பைச் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். பக்கவாட்டு மோதலைத் தாங்குவதற்காகக் கதவுக்குள் குறுக்கே செல்லும் உத்திரம் உங்கள் காரில் இருந்தால் அதில் துளையிட வேண்டாம்.

துருப்பகை எழுதியது:

பில்லரில் துளையிடுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் மேலே யாரும் துருவைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பழைய காரின் பில்லரில் ஒரு வெறும் துளையைப் போட்டுவிட்டு ரப்பரால் மூடிவிடுவது, துருவுக்கு வாசல் திறந்து வைப்பதுதான்.

முதலில் துளையே தேவையா என்று பாருங்கள். ஒரே கார் மாடலின் உயர்ந்த ரகத்தில் தொழிற்சாலையிலேயே பவர் விண்டோவோ கதவு ஸ்பீக்கரோ வந்திருந்தால், அதற்கான துளை எல்லா ரகங்களின் பில்லரிலும் குத்தப்பட்டு ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. கீல்களுக்கு இடையே உள்ள வட்டமான மூடிகளை ஒருமுறை நெம்பிப் பாருங்கள். துளை இருந்துவிட்டால் அதே காரின் ரப்பர் பூட் (ஒயரைச் சுற்றி வரும் ரப்பர் உறை) பழைய உதிரிப்பாகங்களில் கிடைத்துவிடும்.

இல்லையென்றால் இரண்டு கீல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் துளையிடுங்கள். கதவில் உள்ள துளையும் பில்லரில் உள்ள துளையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டாம். ஒன்று மற்றதைவிடச் சற்றுக் கீழே இருக்கட்டும். நேரெதிரே இருந்தால் கதவை மூடும் ஒவ்வொரு முறையும் ஒயர் ஒரே இடத்தில் மடியும், செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். உயரம் மாறியிருந்தால் ஒயர் மடியாமல் முறுகும், நெடுங்காலம் தாங்கும். கீலுக்கு அருகில் ஒயரில் எந்த இணைப்பும் வரக்கூடாது. கதவுக்குள்ளிருந்து டாஷ்போர்டுவரை ஒரே துண்டாகப் போகட்டும்.

துளையின் விளிம்பை வட்ட அரத்தால் மழுங்கச் செய்து, இரும்புத்தூளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள். ஒதுங்கும் தூள்தான் முதலில் துருப்பிடித்துப் பெயின்ட்டைத் தூக்கும். விளிம்பில் துருத்தடுப்பு பிரைமரும் பெயின்ட்டும் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர் பூட்டைச் செருகுங்கள். பில்லருக்குள் நுழையும் முன் ஒயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி வையுங்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டு வழியும் நீர் அந்தத் தாழ்வான இடத்தில் சொட்டிவிடும், காருக்குள் போகாது. பின்கதவுகளுக்கும் நடு பில்லரில் இதே முறைதான். அங்கே இருக்கை பெல்ட்டின் சுருள் உள்ளே இருக்கும் என்பதால் டிரில்லை இயக்கும் முன் உட்புற மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டம் எழுதியது:

ஒயரின் தடிமனைப் பற்றி ஒரு கணக்கு. கிட்டில் வரும் ஒயர் பெரும்பாலும் மெல்லியது. ஒரு மோட்டார் முடிவில் முட்டி நிற்கும் தருணத்தில் 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் பின்கதவுவரை 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர், ஆக 8 மீட்டரில் ஏறத்தாழ முக்கால் வோல்ட் இழப்பு ஏற்படும். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் ஒரே ஒயரைக் கதவிலிருந்து கதவுக்குத் தொடராகக் கொண்டுபோனால், பொதுவான பகுதியில் நான்கு மோட்டார்களின் 16 ஆம்பியரும் சேர்ந்து பாயும். 12 வோல்ட் பேட்டரியில் கடைசிக் கதவுக்கு மிஞ்சுவது மிகவும் குறைந்துபோகும். ஒவ்வொரு கதவின் ஒயரையும் தனித்தனியாகப் பெட்டிவரை கொண்டுவந்து அங்கே சேருங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் காரின் உடலோடு சேரும் எர்த் ஒயரும் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃபியூஸ் 15 ஆம்பியர் போதும். நான்கு மோட்டார்களும் ஒரு கணம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இழுத்தாலும் அவ்வளவு குறுகிய நேரத்தில் ஃபியூஸ் உருகாது. கிட்டின் தாளில் வேறு அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கதவு மூடும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்க வேண்டும் என்பதால் இணைப்புகளுக்குச் சரியான கருவியால் கிரிம்ப் செய்து (உலோக முனைக்குள் வைத்து நசுக்கி), வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுவதையே நான் விரும்புகிறேன். ஒயரை அறுக்காமல் மேலே கவ்வும் நீலநிற கிளிப்கள் கதவுக்குள் வேண்டவே வேண்டாம்; ஈரம் பட்டதும் அவற்றின் உட்புறம் பச்சை பூத்துவிடும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரிந்ததே. உங்கள் காரில் ஏர்பேக் இருந்தால் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருந்து, மஞ்சள் நிற உறையிட்ட ஒயர்களையும் இணைப்பிகளையும் தொடாமல் விடுங்கள்.

இன்னொன்று: சோதனை செய்யும்போது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி வையுங்கள், சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள். பேட்டரியை முதன்முதலாக இணைத்தவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும் பெட்டிகள் உண்டு.

எதற்குஇது எழுதியது:

இடையே புகுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் பொருத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். விபத்தில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கைப்பூட்டு உள்ள காரில் ஓட்டுநர் கதவைப் பூட்டாமல் ஓட்டுபவர்கள் ஏராளம். சென்ட்ரல் லாக்கிங் வந்த பிறகு நான்கு கதவுகளும் பூட்டியே இருக்கும். மோதலில் பேட்டரி நசுங்கி மின்சாரம் போய்விட்டால், வெளியே நிற்பவர் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது. இத்தகைய கிட்களில் வண்டி நகர்ந்ததும் தானாகப் பூட்டும் வசதியும் சேர்ந்தே வருகிறது. இவ்வளவு வேலையும் செய்து ஒரு வசதிக்காக இப்படி ஓர் ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

கம்பிக்கொக்கி எழுதியது:

கேள்வி நியாயமானது, எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏர்பேக் விரியும்போது கதவுகளைத் தானாகத் திறந்துவிடும் ஏற்பாடு பல புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே உண்டு. நாம் பொருத்தும் கிட்டுக்கு மோதலை உணரும் உறுப்பு எதுவும் கிடையாது. அதனால் இக்னிஷனோடும் பிரேக்கோடும் இணைத்துத் தானாகப் பூட்டச் செய்யும் ஒயரை நான் இணைப்பதில்லை, டேப் சுற்றி ஒதுக்கிவிடுவேன். ஓடும்போது பூட்டுவதா என்பதை ஓட்டுநர் முடிவு செய்யட்டும்.

மறுபுறம், இந்த மோட்டார்கள் மின்சாரம் இல்லாதபோது பூட்டை இறுகப் பிடிப்பதில்லை. தண்டு கையோடு சேர்ந்து நகரும், குமிழை எப்போதும்போல இழுக்கலாம். உள்ளே இருப்பவருக்கு வழி உண்டு என்பதே இதன் பொருள். வேலை முடிந்ததும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு கதவையும் குமிழாலும், முன்கதவுகளைச் சாவியாலும் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இல்லாமல் எந்தக் கதவாவது முரண்டு பிடித்தால், கம்பியின் கோணம் தவறு என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் பலகையை மூட வேண்டாம். குழந்தைகளுக்கான பூட்டு இதனால் மாறுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: அது உள்கைப்பிடியைத்தான் செயலிழக்கச் செய்கிறது, குமிழை அல்ல.

எதற்குஇது எழுதியது:

உள்ளே இருப்பவர் நினைவோடு இருந்தால் அந்த வழி சரிதான். இல்லாதபோது வெளியே இருப்பவர் கண்ணாடியைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். தானாகப் பூட்டும் ஒயரை ஒதுக்குவது என்ற முடிவை மட்டும் முழுமையாக ஏற்கிறேன்.

அலைவரிசை எழுதியது:

ரிமோட்டைப் பற்றி ஒரு சொல். விலை குறைந்த பல கிட்களின் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு முறையும் அதே குறியீட்டை அனுப்புகிறது. அதை ஒருமுறை பதிவு செய்துகொண்டவர் பிறகு அதையே திரும்ப ஒலிபரப்பி உங்கள் காரைத் திறந்துவிடலாம். அதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் வகையைச் சேர்ந்த ரிமோட்டாக இருந்தால் இந்த எளிய திருட்டு நடக்காது. பெட்டியில் “மாறும் குறியீடு” என்ற பொருளில் எதுவும் எழுதப்படவில்லை என்றால், நிலையான குறியீடு என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் ரிமோட் பகுதியை விட்டுவிட்டு, சாவியால் மட்டும் இயங்கும் சென்ட்ரல் லாக்கிங்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அதே ஐந்து ஒயர் மோட்டார் போதும்.

ரிமோட் பெட்டி எப்போதும் விழித்தே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அது 10 மில்லிஆம்பியர் எடுத்தால், ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்மணி, ஒரு மாதத்தில் ஏழு ஆம்பியர்மணிக்கு மேல். அன்றாடம் ஓடும் காருக்கு இது பொருட்டே அல்ல. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் பழைய காரில், ஏற்கெனவே தளர்ந்த பேட்டரிக்கு இது உணரக்கூடிய சுமை. பெட்டியின் நேர்முனை ஒயரில் மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வைத்து அளந்து பாருங்கள். அளக்கும்போது பூட்டுப் பொத்தானை மட்டும் அழுத்திவிட வேண்டாம். மோட்டார்களின் மின்சாரம் மீட்டரின் ஃபியூஸை ஊதிவிடும்.

நான்குகதவு எழுதியது:

பூட்டுகளைக் கழுவிக் கிரீஸ் இட்டாயிற்று; இடப்பக்கப் பின்கதவில் ஒரு புஷ் உடைந்து கம்பி தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. பில்லரில் துருப்பகை சொன்னதுபோலவே ரப்பர் மூடியின் பின்னால் துளை இருந்தது, முன்கதவுகளுக்கு மட்டும். மோட்டார்களும் ஒயர்களும் பொருத்தியாகிவிட்டன. இப்போது மூன்று சிக்கல்கள்.

ஒன்று, பெட்டியை இணைத்த பின் சும்மா இருக்கும்போது நீல ஒயரையும் பச்சை ஒயரையும் சோதித்தால் இரண்டுமே எர்த்தோடு தொடர்பு காட்டுகின்றன. பெட்டி பழுதா? இரண்டு, ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டினால் மற்ற மூன்று கதவுகள் திறக்கின்றன, ஓட்டுநர் கதவின் குமிழும் மேலே எழும்பிவிடுகிறது. ரிமோட்டில் அழுத்தினால் எல்லாம் சரியாக நடக்கிறது. மூன்று, பலமுறை தொடர்ந்து சோதித்ததில் வலப்பக்கப் பின்கதவின் மோட்டார் இயங்காமல் நின்றுவிட்டது.

மின்னோட்டம் எழுதியது:

முதலாவது பழுதல்ல. பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்சுகள், இருக்கின்றன. ஓய்வில் இருக்கும்போது இரண்டும் தத்தம் ஒயரை எர்த்தில் வைத்திருக்கும். பூட்டும்போது ஒரு ரிலே மட்டும் தன் ஒயரை 12 வோல்ட்டுக்கு மாற்றும், மற்றது எர்த்திலேயே இருக்கும். திறக்கும்போது அடுத்த ரிலேயின் முறை. திசைமாற்றம் நடப்பது இப்படித்தான். இந்த ஒயர்களில் எதையும் நேரடியாகப் பேட்டரியின் நேர்முனையில் தொட்டுப் பார்க்காதீர்கள்; ஓய்வில் அது நேரே எர்த்துக்குப் போகும் குறுக்கிணைப்பு ஆகிவிடும். மோட்டாரைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் அதைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த பிறகு சோதியுங்கள்.

இரண்டாவதற்குக் காரணம் தெளிவு. ரிமோட்டில் சரியாக நடப்பதால் மோட்டார்களின் நீலமும் பச்சையும் சரி. சுவிட்சின் வெள்ளையும் பழுப்பும் இடம் மாறியிருக்கின்றன. நீங்கள் பூட்டும்போது பெட்டிக்குத் “திற” என்ற செய்தி போகிறது. அந்த இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றுக்கு எதிராக இயங்கியிருந்தால் அந்தக் கதவின் நீலத்தையும் பச்சையையும் மாற்றச் சொல்லியிருப்பேன். இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றுபவர்கள் கடைசியில் எங்கே தொடங்கினோம் என்பதையே மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது, பெரும்பாலும் தற்காப்பு. இத்தகைய மோட்டார்கள் பலவற்றில் சூடேறினால் மின்சாரத்தைத் தடுக்கும் உறுப்பு ஒன்று உண்டு. கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். மீண்டும் இயங்கினால் மோட்டார் நலம். ஆனால் நான்கில் அது ஒன்று மட்டும் நின்றது ஏன் என்பதைக் கம்பிக்கொக்கியிடம்தான் கேட்க வேண்டும்.

கம்பிக்கொக்கி எழுதியது:

மற்றவற்றைவிட அது கூடுதலாக உழைக்கிறது என்பதே காரணமாக இருக்கும். இணைப்புக்கட்டையின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மோட்டாரைப் பிரித்துவிட்டு, குமிழை ஒற்றை விரலால் இயக்கிப் பாருங்கள். அப்போது இலகுவாக இருந்தால் பூட்டில் குறையில்லை, மோட்டாரின் கோணம் அல்லது இடம் சரியில்லை. தண்டு முழுவதும் வெளியே வந்த நிலையில் கம்பி எங்காவது தகட்டின் விளிம்பில் தொடுகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தில் பெயின்ட் உரசிப் பளபளப்பான ஒரு கோடு தெரியும். தகட்டுப் பட்டையில் மோட்டாரை ஒரு துளை மேலேயோ கீழேயோ நகர்த்தினாலே பலமுறை சரியாகிவிடும். சரியானதும் எல்லாக் கம்பி இணைப்புகளுக்கும் மெல்லிய நுரைநாடாவைச் சுற்றுங்கள், இல்லையென்றால் மேடுபள்ளமான சாலையில் கதவுக்குள்ளிருந்து கிலுகிலுப்பைச் சத்தம் வரும்.

பழம்பொருள் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் ஆசைப்படுகிறேன். என்னுடையது 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்த இரண்டு கதவுக் கார். பேட்டரி 6 வோல்ட். இதே கிட்டைப் பயன்படுத்த முடியுமா? தவிர, பின்பக்க டிக்கியையும் இதில் சேர்க்க முடியுமா?

மின்னோட்டம் எழுதியது:

6 வோல்ட்டில் இந்தப் பெட்டியின் ரிலே சரிவர இழுக்காது, மோட்டாரும் பூட்டை அசைக்கும் அளவுக்குத் தள்ளாது. காரையே 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் பொருத்தலாம். இன்னொன்றையும் பாருங்கள்: அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இந்தக் கிட்கள் எதிர்முனை எர்த்துக்காகவே செய்யப்பட்டவை. அந்தக் காரில் அப்படியே இணைத்தால் பெட்டி முதல் நொடியிலேயே போய்விடும். பேட்டரியிலிருந்து உடலுக்கு வரும் தடித்த ஒயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கிக்கு இரண்டு ஒயர் மோட்டார் ஒன்றைக் கூடுதலாக அதே நீலம், பச்சையோடு இணைக்கலாம். ஆனால் அது எந்த வகைப் பூட்டு என்பதைப் பொறுத்தது. சாவியை ஒருபக்கம் திருப்பினால் பூட்டியே இருக்கும், மறுபக்கம் திருப்பினால் திறந்தே இருக்கும் என்ற வகையானால் கதவைப்போலவே நடத்தலாம். மூடியதும் தானாகக் கவ்விக்கொண்டு, சாவியைத் திருப்பிப் பிடித்தால் மட்டும் விடுவிக்கும் வகையானால் இந்த மோட்டார் பொருந்தாது. அதற்குக் கம்பிவடத்தை இழுக்கும் தனிச் சோலினாய்டும், ரிமோட்டில் தனிப் பொத்தானும், தனி ரிலேயும் வேண்டும். பெட்டியில் மூன்றாவது பொத்தானுக்கான ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இணைப்பு வரைபடத்தை விளக்குகிறேன்.